மலிவுப் பிரயாணம்

போக்கையும் வரவையும் தனித்தனியே எண்ணினால், 2015ஆம் ஆண்டு தொடக்கம் இன்றுவரை கொழும்புக்கும் சென்னைக்குமிடையே 62 தடவைகள் விமானத்திற் சென்றிருக்கின்றேன். இத்தொகையை நானாக எண்ணி வைத்திருக்கவில்லை; விமானக் கம்பனியொன்று எனக்காக எண்ணி வைத்திருக்கின்றது. ஒரு மணி இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் பிரயாணம் அது. விமானம் மேலெழுந்து, சிப்பந்திகள் தண்ணீர்ப் போத்தல்களை விற்றவாறு ஒரு முறை நடந்து திரும்புவதற்குள் கடல் கடந்துவிடும். ஆயினும் வீட்டுப் படலையைச் சாத்திப் புறப்பட்டதிலிருந்து சென்னையிலே தமக்கையார் வீட்டு வாயிலை அடையும்வரை ஒரு பகலோ ஓர் இரவோ முழுதாகக் கழிந்துவிடும்.

செல்வதற்கான காரணங்கள் இரண்டு. சென்னை நூல்நிலையங்களிலே பழைய சஞ்சிகைகளைப் பார்வையிடுவது பல்கலைக்கழகத்துக்கு நான் கூறும் காரணம். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் தமக்கையாருடன் சென்னையிலே தங்கிவிட்ட எனது தாயாரைப் பார்ப்பது மற்றையது. இவ்விரண்டில் எது முதன்மையானது என்பதை விடுமுறை விண்ணப்பங்களில் எவரும் கேட்பதில்லை.

இவ்வாறு அடிக்கடி சென்று வருவோர் ஒரு தனிக் கூட்டத்தார். கட்டுநாயக்காவில் விடியற்சாமம் மூன்று மணிக்கு வரிசையில் நிற்கும்போது ஒருவரையொருவர் முகத்தால் அறிவோம், பெயரால் அறியோம். புடைவை வியாபாரிகள், வைத்தியசாலைக் கோப்புகளை மார்போடணைத்து நிற்போர், வேளாங்கண்ணிக்கும் திருப்பதிக்கும் செல்வோர், சென்னையிற் படிக்கும் மகனுக்கு மிளகாய்த்தூள் கொண்டு செல்லும் தாய்மார். எவரேனும் வாய் திறப்பாராயின் அது முறைப்பாடாகவே இருக்கும். அம்முறைப்பாடுகளை நான் பத்தாண்டுகளாகக் கேட்டு வருகின்றேன், கூறியும் வருகின்றேன்.

நான் முதன்முதலில் ஏறிய மலிவு விமானத்தில் 20 கிலோப் பொதி கட்டணத்துள் அடங்கியிருந்தது. சிறு கிண்ணமொன்றில் தண்ணீரும் தந்தனர். பின்னர் தண்ணீர் விலைப்பொருளாயிற்று. அதன்பின் பொதிக்குத் தனி விலை வந்தது. அதன்பின் இருக்கைக்கு: கணவனும் மனைவியும் அருகருகே அமர ஒரு விலை, முன்வரிசையில் கால் நீட்ட ஒரு விலை, யன்னலோரத்துக்கு ஒரு விலை. கைப்பொதி ஏழு கிலோவை மீறுகின்றதா என விமான வாயிலில் வைத்து நிறுக்கத் தொடங்கினர். அந்த வாயிலிலே ஒரு வியாபாரி பையைத் திறந்து, புதுச் சட்டைகள் நான்கை ஒன்றன்மேலொன்றாக அணிந்துகொண்டதைக் கண்டேன். பையின் நிறை ஏழுக்கு இறங்கியது. அவர் உள்ளே விடப்பட்டார். பையும் அவருமாகச் சேர்ந்து விமானத்தில் ஏற்றிய நிறையோ ஓர் அவுன்ஸ்தானும் குறையவில்லை. தராசுக்கு அது பொருட்டன்று.

நேர மாற்றத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். காலை பத்து மணி விமானம் இரவு பதினொன்றுக்குப் புறப்படும் என்று முதல்நாள் மாலையில் குறுஞ்செய்தி வரும். அதன் இறுதியில் எமது ஒத்துழைப்புக்கு நன்றி கூறப்பட்டிருக்கும். நாம் இன்னும் ஒத்துழைக்கவில்லையே என்று எண்ணுவதுண்டு.

இவ்வளவும் கூறிய பின்னரும் மலிவை என்னாற் பழிக்க இயலவில்லை. விரிவுரையாளர் ஒருவரின் சம்பளத்தில் ஆண்டுக்கு மூன்று தடவை தாயைப் பார்க்க முடிந்தது இம்மலிவு விமானங்களினாலேயே. 2022இல் எமது ரூபா வீழ்ந்தபோது கட்டணம் இரட்டித்தது. அவ்வாண்டு ஒரு தடவையே சென்றேன். கட்டணம் என்பது எத்தனை தடவை தாயின் முகத்தைக் காணலாம் என்பதற்கான கணக்கு என்பதை அப்போது உணர்ந்தேன்.

ஒரு காலத்தில் விமானத்தில் ஏறுதல் வசதிபடைத்தோரின் உரிமையாக இருந்தது தற்செயலன்று. ஐக்கிய அமெரிக்காவில், மாநிலங்களுக்கிடையே எந்தக் கம்பனி எந்த வழியிற் பறக்கலாம், என்ன கட்டணம் அறவிடலாம் என்பதை 1978 வரை அரசாங்கத்தின் சபையொன்றே தீர்மானித்தது. அச்சபையின் தலைவராயிருந்த பொருளியலறிஞர் அல்பிரட் கான், தமது சபையையே தேவையற்றதாக்கும் சட்டத்துக்காகப் பாடுபட்டார். அச்சட்டம் 1978 ஒக்டோபரில் நிறைவேறிற்று. அதற்குமுன், 1977 செப்டெம்பரில், பிரெடி லேக்கர் என்னும் ஆங்கிலேயர் இலண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு 59 பவுணுக்கு ஆட்களை ஏற்றிச் சென்றார். பெருங்கம்பனிகளின் போட்டிக்கும் கடன்சுமைக்கும் ஈடுகொடுக்க முடியாமல் 1982 பெப்ருவரியில் அவரது கம்பனி வீழ்ந்தது. எமது பக்கத்திலே 2001இல் ரொனி பெர்னாண்டஸ் கடன்பட்ட எயார் ஏசியாவை ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார். 2003இல் கப்டன் கோபிநாத் தொடங்கிய எயார் டெக்கான், ஆர். கே. லக்ஷ்மண் வரைந்த ‘சாமானிய மனிதனை’யே தனது சின்னமாக்கிற்று. வேட்டி கட்டிய அக்கிழவரும் விமானத்தில் ஏறலாம் என்பது அதன் பொருள். இந்நினைவுக்கு நான் இன்றும் தலைவணங்குகின்றேன்.

ஆகவே, மலிவென்றால் மரியாதைக் குறைவும் உடன்வரும் என்று கூறுவோரை நான் ஏற்பதில்லை. டெக்சஸ் மாநிலத்தில் 1971இல் பறக்கத் தொடங்கிய சவுத்வெஸ்ட் கம்பனியின் வரலாறு இதற்குச் சான்று. டலஸ், ஹியூஸ்டன், சான் அன்ரோனியோ என்னும் மூன்று நகரங்கள். ஒரே வகை விமானம். 1972இல் பணமுடையால் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தபோது, எஞ்சிய மூன்றைக் கொண்டே நான்கின் வேலையைச் செய்தனர். இறங்கிய விமானம் பத்து நிமிடத்தில் மீண்டும் புறப்பட்டது. விமானத்தை நிலத்தில் நிறுத்தாமையே அவர்களின் சிக்கனம். பிரயாணியிடம் சில்லறை பிடுங்குவதன்று. சிப்பந்திகள் பகிடி பேசுவர். இரண்டு பொதிகள் இலவசம். இவ்வழக்கம் அரைநூற்றாண்டுக்கு மேலாக நீடித்து, 2025 மே மாதம் 28ஆம் திகதி முடிவுக்கு வந்தது. அன்று அந்நாட்டின் அடிக்கடிப் பிரயாணிகள் அடைந்த வருத்தத்தைப் பத்திரிகைகளில் வாசித்தபோது, பணத்துக்காக மட்டும் மனிதர் இவ்வளவு வருந்துவதில்லை என்று எனக்குத் தோன்றிற்று.

அக்கம்பனியின் வீழ்ச்சி அதற்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. 2022 டிசெம்பரில், நத்தார்க் காலப் பனிப்புயலின்போது, 16,000இற்கு மேற்பட்ட அதன் பறப்புகள் இரத்தாயின. ஏறக்குறைய இருபது இலட்சம் பேர் வழியில் நின்றனர். புயல் ஓய்ந்து ஏனைய கம்பனிகள் எழுந்த பின்னரும் இது எழவில்லை. எந்த விமானி எந்த ஊரில் நிற்கின்றார் என்பதைக் கணிக்கும் பழைய கணினி முறை செயலற்றுப் போயிற்று. தாம் இருக்குமிடத்தை அறிவிப்பதற்காக விமானிகளும் பணிப்பெண்களும் தத்தம் கம்பனியின் தொலைபேசியிலேயே மணிக்கணக்கிற் காத்திருந்தனர். அமெரிக்க அரசு மறு ஆண்டு 14 கோடி டொலர் தண்டம் விதித்தது. பிரயாணியின் தொலைபேசிக்குப் பதிலில்லை என்பது நாம் அறிந்த கதை. விமானியின் தொலைபேசிக்கும் பதிலில்லை என்பதை அன்றே உலகம் அறிந்தது.

நான் கூறவந்தது இதுவே. தண்ணீரும் பொதியும் யன்னலோரமும் போனதை நான் பெரிதாக எண்ணவில்லை. மேசைக்கு அப்பால் நிற்பவரின் கையிலிருந்து தீர்மானம் போய்விட்டது. முன்பு அங்கே கோபக்காரரும் நின்றார், இரக்கமுள்ளவரும் நின்றார். சிலவேளை கைக்கூலி எதிர்பார்த்தவரும் நின்றார். எவராயினும் அவரால் ஒன்றை ஆம் என்றோ இல்லை என்றோ கூற முடிந்தது. இன்று நிற்பவர் கணினி கூறுவதை எமக்கு வாசித்துக் காட்டுகின்றார்.

அடிக்கடிப் பிரயாணிகளுக்குப் புள்ளி வழங்கும் முறையும் இதனோடு தொடர்புடையதே. அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981 மே மாதத்தில் இதனைத் தொடக்கியபோது, பறந்த தூரத்தை எண்ணிப் பரிசளித்தனர். 2015இல் டெல்ரா, யுனைட்டட் ஆகிய கம்பனிகள் தூரத்தை விட்டுச் செலவிட்ட பணத்துக்கே புள்ளி என்று மாற்றின. என்னிடமும் அத்தகைய அட்டையொன்று உண்டு, வெள்ளி வகுப்பு. அதிலுள்ள புள்ளிகளைக் கொண்டு இலவசமாகப் பறக்க முனைந்த மூன்று தடவையும், அந்நாளில் அப்புள்ளிகள் செல்லா எனப் பதில் வந்தது. அட்டையை வெறும் அலங்காரமென்றே எண்ணியிருந்தேன். அது செல்லுபடியான ஒரு நாள் வந்தது.

2024 ஓகஸ்டில் எனது தாயார் ஊருக்குத் திரும்ப வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். அப்போது அவருக்கு வயது 83. இடுப்பெலும்பில் சத்திரசிகிச்சை முடிந்து ஐந்து மாதம். ‘இனி என்ரை வளவிலை கிடந்து சாகிறன்’ என்ற ஒரு வசனத்துக்கு எதிராகத் தமக்கையாரின் நியாயங்கள் எவையும் நிற்கவில்லை. பலாலிக்கு நேரே செல்லும் சிறு விமானத்தில் அவ்வாரம் இடமிருக்கவில்லை. கொழும்பு வழியாக மலிவு விமானமொன்றில் இரண்டு இடங்களும் ஒரு சக்கர நாற்காலியும் பதிவு செய்தேன்.

விமான நிலையத்துக்குச் செல்லும் வழியில் அம்மா தமது முதற் பிரயாணத்தைப் பற்றிக் கூறினார். 1968இல், எனது சித்தியின் கூறைச்சேலை வாங்குவதற்காகப் பலாலியிலிருந்து திருச்சிக்கு எயார் சிலோனிற் சென்றிருக்கின்றார். டக்கோட்டாவோ அவ்ரோவோ, அவருக்கு நினைவில்லை. காதில் வைக்கப் பஞ்சும் வாயிற் போட இனிப்பும் தந்தார்களாம். அந்த இனிப்பை வாயிற் போடாமல் சித்திக்கென்று முடிந்து கொண்டுவந்தாராம். இடையிலே கடந்த 56 ஆண்டுகளில் அவர் ஏறிய வேறெந்த விமானத்தைப் பற்றியும் அவர் பேசியதில்லை.

மேசையில் நின்ற பெண்ணுக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். எமது கடவுச்சீட்டுகளை வாங்கித் திரையைப் பார்த்தார். மீண்டும் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலிற் கூறினார்: ‘சார், உங்களுக்கு சீட் இருக்கு. அம்மாவுக்கு இல்ல சார்.’

இருக்கைகளைவிட அதிகமான பிரயாணச்சீட்டுகளை விற்பது விமானக் கம்பனிகளின் பழைய வழக்கம். பதிவு செய்தோரில் சிலர் வரமாட்டார்கள் என்பது கணக்கு. கணக்குத் தவறி எல்லோரும் வந்துவிட்டால் எவரோ ஒருவர் வெளியே நிற்பார். 1972இல் வாஷிங்டனில் அவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டவர் ரால்ப் நேடர் என்னும் நுகர்வோர் உரிமைப் போராளி. ஆளறியாமற் கைவைத்துவிட்டனர். அவர் தொடுத்த வழக்கு 1976இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் வரை சென்று, இவ்வழக்கத்தை முன்கூட்டி வெளிப்படுத்தாத கம்பனி மீது பிரயாணி வழக்குத் தொடரலாம் என்ற தீர்ப்பைப் பெற்றது. இதற்கு முன்பே, 1968இல், ஜூலியன் சைமன் என்னும் பொருளியலறிஞர் ஓர் எளிய வழியை எழுதியிருந்தார். கம்பனி தன் விருப்பப்படி ஒருவரைத் தள்ளிவிடுவதை விடுத்து, தகுந்த ஈட்டுக்குத் தமது இடத்தை விட்டுக்கொடுக்க யார் சம்மதிப்பார் என்று கேட்கவேண்டும் என்பதே அது. விமானக் கம்பனிகள் நகைத்தன. பத்தாண்டு கழித்து, அல்பிரட் கானின் சபை அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இவையெல்லாம் நான் பின்னர் தேடி வாசித்தவை. அம்மேசையின் முன் எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

இருவரும் ஒன்றாகப் பதிவு செய்திருக்க, எனக்கு மட்டும் இடம் எவ்வாறு வந்தது? அப்பெண் விளக்கினார். சக்கர நாற்காலி கேட்டவர்கள் வீட்டிலிருந்து இணையத்திற் பதிந்துகொள்ள முடியாது. மேசைக்கு நேரில் வந்தே பதிய வேண்டும். ஆகவே பட்டியலில் அவர்கள் கடைசியாகவே நிற்பார்கள். கடைசியில் நிற்பவர்களையே கணினி வெளியே தள்ளும். நானும் கடைசியிலேயே நின்றேன். ஆயினும் என்னிடம் வெள்ளி அட்டை இருந்தது. அடிக்கடிப் பிரயாணிகளை வெளியே நிறுத்தலாகாது என்பது கம்பனியின் விதி.

கணினியின் நோக்கில் இதில் தவறெதுவும் இல்லை. 62 தடவை பறந்தவனும் ஒரு தடவை பறப்பவளும் அதன்முன் நின்றோம். நான் பறந்தது அவளைப் பார்ப்பதற்காக என்பதை எழுதுவதற்கு அதில் இடமில்லை.

எனது இடத்தை அம்மாவுக்குக் கொடுங்கள் என்றேன். தனியே அவரால் எழுந்து நிற்கவும் இயலாது என்பது அதைக் கூறிய பின்னரே உறைத்தது. மேலதிகாரியை அழையுங்கள் என்றேன். அவர் வேறொரு வாயிலில் நிற்கின்றார், தொலைபேசியை எடுக்கவில்லை என்றார். அதன்பின் நான் சத்தமிட்டேன். எழுத வெட்கமாக இருக்கின்றது. மாணவர்களுக்கு முன்னால் ஒருபோதும் உயர்த்தாத குரலை, எனது மாணவியரின் வயதொத்த ஒரு பெண்ணின் முன் உயர்த்தினேன். அவள் கண்கள் கலங்கின.

சக்கர நாற்காலியிலிருந்து அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். ‘அந்தப் பிள்ளையோடை ஏன் சத்தம் போடுறாய்? அவளுக்கும் ஆரோ சொல்லித்தானே விட்டிருக்கினம்.’

யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்பெண்ணுக்கு எவ்வளவு விளங்கியதோ அறியேன். அவர் அம்மாவைச் சிறிது நேரம் பார்த்தார். பின்னர் மேசையைச் சுற்றி வெளியே வந்தார். ஏறும் அட்டையுடன் ஓரமாக நின்றிருந்த பிரயாணிகளிடம் சென்று, ‘வீல்சேர்ல ஒரு அம்மா இருக்காங்க. யாராவது ஒருத்தர் நாளைக்குப் போக முடியுமா?’ என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஜூலியன் சைமனின் திட்டத்தை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. ஈடாக எதையும் அவர் சொல்லவில்லை; சொல்லும் அதிகாரமும் அவருக்கு இருக்கவில்லை. சிலர் தலையை ஆட்டினர். சிலர் கைப்பேசியைப் பார்த்தனர். ஒருவர் முன்வந்தார். கட்டுநாயக்கா வரிசையில் ஏழெட்டு ஆண்டுகளாக நான் முகத்தால் மட்டும் அறிந்திருந்த புடைவை வியாபாரி. நான்கு சட்டை அணிந்தவர் இவர்தானோ என்றுகூட எனக்கு ஐயம்.

‘நான் நாளைக்குப் போறன் சேர். என்ரை சாமான் ஓடாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ.’

அன்றுதான் அவர் பெயரைக் கேட்டறிந்தேன்.

விமானத்தில் அம்மா யன்னலோரம் இருந்தார். காது அடைத்ததும் பஞ்சு கேட்டார். எனது கைக்குட்டையைக் கிழித்துக் கொடுத்தேன்.

ஊர் சேர்ந்த மறுநாளே கம்பனிக்கு எழுதினேன். எழுதுவதற்கு ஒரு படிவமே உண்டு. எதைப் பற்றிய முறைப்பாடு என்று அது முதலிற் கேட்கும். பாராட்டு என்றொரு தலைப்பு அதில் இருக்கவில்லை. ‘நிலையச் சிப்பந்திகள்’ என்பதைத் தெரிந்து, அப்பெண் தமது மேசையை விட்டு இறங்கிவந்து எமக்கு உதவிய விதத்தை விரிவாக எழுதினேன். அவர் சட்டையிற் குத்தியிருந்த பெயரையும் நன்றியுடன் குறிப்பிட்டேன். அன்றே பதில் வந்தது. எனக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துவதாகவும், குறித்த சிப்பந்தி தொடர்பாக உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்றும், எனது கணக்கில் 2,000 புள்ளிகள் சேர்க்கப்பட்டுள்ளன என்றும் அதிற் கண்டிருந்தது.

நான் முறையிடவில்லை, பாராட்டினேன் என்று உடனே எழுதினேன். வேறொரு இலக்கத்துடன் அதே பதில் வந்தது. மீண்டும் எழுதினேன். மூன்றாவது தடவை, எனது தொடர்ச்சியான முறைப்பாடுகள் மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன என்று பதில் வந்தபின், எழுதுவதை நிறுத்திக்கொண்டேன்.

அதன்பின் நான்கு தடவை அம்மேசைகளைக் கடந்துவிட்டேன். அப்பெண்ணைக் காணவில்லை. வேலை நேரம் மாறியிருக்கலாம். வேறு கம்பனிக்குச் சென்றிருக்கலாம். மேசையில் நின்ற வேறொருவரிடம் பெயரைக் கூறி விசாரித்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, எனது பிரயாணச்சீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்.

சென்ற விடுமுறையில் வளவு வேம்பின் கீழ்ச் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அம்மா கேட்டார்: ‘தம்பி, அண்டைக்கு எங்களுக்காண்டி இறங்கி வந்த பிள்ளை... அவளின்ரை வேலைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?’

ஒன்றும் நடக்கவில்லை, நன்றாக இருக்கின்றாள் என்றேன்.